வின்டர்ஹால்ட்டர் 1846: மாலுமி உடையில் குட்டி இளவரசர் – ஆயிலில் நகல் எடுக்க, அந்த வெள்ளை உடையை எப்படிக் கையாள்வது?

நெய்தல்_தூரிகை கேட்டது:

வணக்கம். ஜெர்மன் ஓவியர் ஃபிரான்ஸ் சேவர் வின்டர்ஹால்ட்டர் 1846ல் வரைந்த வேல்ஸ் இளவரசர் ஆல்பர்ட் எட்வர்டின் (பின்னாளில் ஏழாம் எட்வர்ட் மன்னர்) படத்தை ஆயிலில் நகல் எடுக்கப் போகிறேன். வெள்ளை மாலுமி உடை, கறுப்புக் கழுத்துத் துணி, தொப்பி, கால்சட்டைப் பைக்குள் கை, பின்னால் கடல். பார்த்திருப்பீர்கள். அசல் பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் ராயல் கலெக்‌ஷனில் இருக்கிறது. அளவு 127.1 × 88 செ.மீ.

அவ்வளவு பெரிதாகப் போட வீட்டில் இடம் இல்லை. பாதி அளவு போதும். கடையில் ரெடிமேடாகக் கிடைக்கும் கேன்வாஸ் எதுவும் இந்த விகிதத்துக்கு ஒத்து வரவில்லை. இரண்டாவது, படத்தில் பெரும்பகுதி வெள்ளைத் துணி. அது அழுக்குச் சாம்பலாகவோ சுண்ணாம்புச் சுவர் மாதிரியோ ஆகாமல் இருக்க என்ன கலவை? எந்த வெள்ளை? மூன்றாவது, 1846ல் இருந்த நிறங்களை மட்டும் வைத்துச் செய்ய ஆசை. எவை சரி, எவை பின்னால் வந்தவை? கடற்கரை ஊர், காற்றில் ஈரம் அதிகம். காய்வது பற்றியும் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

கித்தான்காரன்:

முதலில் அளவை முடிச்சிடுவோம். 127.1ஐ 88ஆல் வகுத்தால் 1.444. கடையில் கிடைக்கிற 18×24 அங்குலம் 1.33, 20×30உம் 24×36உம் 1.5. இதில் எதுல போட்டாலும் ஒன்று தலைக்கு மேல வானத்தை வெட்டணும், இல்லை பக்கத்துல இல்லாத இடத்தைக் கற்பனை பண்ணி நிரப்பணும். இந்தப் படத்துல பையனைச் சுத்தி விட்டிருக்கிற வெற்றிடம்தான் அவனைச் சின்னவனாகவும் அதே நேரம் நிமிர்ந்தவனாகவும் காட்டுது. அதைக் கெடுத்துடாதீங்க.

18×26 அங்குலத்துக்குச் சட்டம் அடிக்கச் சொல்லுங்க. 26ஐ 18ஆல் வகுத்தாலும் 1.444 தான். அசல்ல 52 சதவீதம் வரும். இதுல இன்னொரு வசதி: 2 அங்குலக் கட்டம் போட்டா குறுக்கே 9, நெடுக்கே 13, மிச்சமே இல்லாம உட்காரும். உங்க பிரின்ட்லயும் அகலத்தை 9ஆ, உயரத்தை 13ஆ பிரிச்சுக்குங்க. அசல்ல ஒவ்வொரு கட்டமும் சுமார் 9.8 செ.மீ. ஆனா பிரின்ட் எடுக்கிற கோப்பு முழுப் படமா, ஓரம் வெட்டினதானு அளந்து பார்த்துட்டுத்தான் கட்டம் போடணும். இணையத்துல சுத்துற பாதிக் கோப்புகள் நாலு பக்கமும் கொஞ்சம் வெட்டினவை. விகிதம் 1.44 வரலைன்னா அந்தக் கோப்பு வேண்டாம்.

சட்டத்துக்கு ஒன்றரை அங்குல ரீப்பர், நல்லாக் காய்ந்த மரம். நாலு மூலையிலும் உள்பக்கம் ஆப்பு அடிக்கிற மாதிரி இருக்கணும். மூலையை ஆணி அடிச்சு இறுக்கிட்டா மழைக்காலத்துல துணி தொய்யும்போது திரும்ப இழுக்க வழி கிடையாது. பருத்தி கேன்வாஸ் போதும். வாங்கும்போதே வெள்ளை பூசியிருந்தாலும் மேல இன்னும் 2 கோட் கெஸ்ஸோ (வெள்ளை அடிப்பூச்சு) குடுங்க. ஒவ்வொன்றும் காய்ந்ததும் 220 நம்பர் உப்புத்தாள். இந்தப் படத்துல முகம் சின்னது, துணி வழவழன்னு இருக்கு. கேன்வாஸ் முடிச்சு தெரிஞ்சா கன்னத்துல அம்மை போட்ட மாதிரி இருக்கும்.

கோடு போடுறதுல ஒரு எச்சரிக்கை. பென்சில்ல அழுத்திக் கட்டம் போடாதீங்க. ஆயில் வெள்ளை வருஷம் போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமா ஊடுருவித் தெரியும். வெளிர் நிறத்துக்கு அடியில இருக்கிற கிராஃபைட் கோடு பத்து இருபது வருஷத்துல மேல வந்து எட்டிப் பார்க்கும். கரித்துண்டுல போடுங்க, உருவம் சரியா வந்ததும் அம்பர்ங்கிற பழுப்பு மண் நிறத்தை டர்பன்டைன்ல நீர்க்கக் கரைச்சு அந்தக் கோட்டு மேல மெல்லிய பிரஷால ஓட்டுங்க. அது காய்ந்ததும் கரியைத் துணியால தட்டி முழுசா எடுத்துடணும். வெள்ளை அழுக்காகிறதுக்கு முதல் காரணமே இந்தக் கரித்தூள்தான். கலவையைக் குறை சொல்லிட்டு இருப்பாங்க, தூள் அடியிலேருந்து ஏறியிருக்கும்.

---

வெண்மை_விசாரணை:

நிறங்களைப் பற்றி நான் சொல்கிறேன்.

1846ல் ஓவியர்களின் முக்கிய வெள்ளை ஈய வெள்ளை. துத்தநாக வெள்ளை அப்போதுதான் ஆயில் ஓவியத்துக்குள் வரத் தொடங்கியிருந்தது. டைட்டானியம் வெள்ளை முதல் உலகப் போர்க் காலத்தை ஒட்டித்தான் ஓவியச் சந்தைக்கு வந்தது. ஆகவே அசலில் அது இருக்க வாய்ப்பே இல்லை. நீலத்தில் கோபால்ட் நீலம், பிரஷ்யன் நீலம், செயற்கை அல்ட்ராமரைன் மூன்றும் அன்று இருந்தன. விரிடியன் பச்சைக்கு 1859ல்தான் காப்புரிமை, எனவே கடலுக்கு அதைத் தொட வேண்டாம். ஆக்கர், அம்பர், வெர்மிலியன், மேடர் சிவப்பு, தந்தக் கறுப்பு எல்லாம் அந்தக் காலத்துக்கு உரியவை. ஆயில் நிறத்தை அடைத்துப் பிதுக்கும் உலோகக் குழாய்க்கு 1841ல் காப்புரிமை கிடைத்திருந்தது. அரண்மனை அரண்மனையாக, ஊர் ஊராகப் போய் வரைந்த வின்டர்ஹால்ட்டர் போன்றவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலையாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆனாலும் ஈய வெள்ளை வாங்காதீர்கள். நஞ்சு. வீட்டில் வேலை செய்யும்போது அதைத் தேய்ப்பதோ காய்ந்த தூளைச் சுவாசிப்பதோ கூடாது. குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் உள்ளேயே கொண்டுவரக் கூடாது. டைட்டானியத்தை எடுத்துக்கொண்டு அதன் குணத்தைத் திருத்துவதுதான் வழி. ஈய வெள்ளை சற்று வெதுவெதுப்பான வெள்ளை, கொஞ்சம் ஒளி ஊடுருவும். டைட்டானியம் குளிர்ந்தது, அடியில் உள்ளதை அப்படியே மூடிவிடும், கலந்த எந்த நிறத்தையும் சுண்ணாம்பாக்கும். நீங்கள் பயப்படும் சுவர் இங்கேதான் பிறக்கிறது.

குழாயின் முதுகில் நிறமி எண் அச்சிட்டிருக்கும். பி.டபிள்யூ. 6 என்றால் டைட்டானியம், பி.டபிள்யூ. 4 என்றால் துத்தநாகம். முகப்பில் டைட்டானியம் ஒயிட் என்று போட்டிருந்தாலும் பல குழாய்களில் இரண்டும் கலந்திருக்கும். துத்தநாகம் எண்ணெயோடு சேர்ந்து நாளடைவில் ஒருவகைச் சோப்பாக மாறிப் படலத்தை நொறுங்கவைக்கும், மேலே உள்ள அடுக்கு செதில் செதிலாகக் கிளம்பும். துணியில் வரையும்போது அது தேவையில்லாத ஆபத்து. 6 மட்டும் போட்ட குழாயாகப் பார்த்து வாங்குங்கள். உங்கள் அளவுக்கு வெள்ளை 120 மி.லி. ஒன்று, மற்றவை 20 மி.லி. போதும்.

இனி கலவை. இந்தப் படத்தில் தூய வெள்ளை என்று பார்த்தால் மிகக் கொஞ்சம்தான். கோப்பைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள், உடனே புரியும். கறுப்பு 0, வெள்ளை 10 என்று ஒரு அளவுகோல் வைத்துக்கொண்டால், உடையின் வெளிச்சப் பக்கம் 8.5 முதல் 9 வரை நிற்க வேண்டும். துணி மடிப்பின் முதுகில் அங்கங்கே ஒரு தீற்றல் மட்டும் 10. இடைநிலை 7 முதல் 8. நிழல் 5.5 முதல் 6.5. புதிதாக வரைபவர்கள் நிழலை 3, 4க்கு இறக்கிவிடுகிறார்கள். வெள்ளைத் துணியின் நிழல் அவ்வளவு இருளாது. வானமும் மணலும் திருப்பி அனுப்பும் வெளிச்சம் அதற்குள் நிறைந்திருக்கும். 4க்குக் கீழே போனால் பார்ப்பவர் கண்ணுக்கு அது நிழலாகப் படாது, சாம்பல் நிறத் துணியாகத்தான் படும்.

வெளிச்சப் பக்கத்துக்கு வெள்ளை 20 பங்கு, மஞ்சள் ஆக்கர் 1 பங்கு. இடைநிலைக்கு அதே கலவையில் கோபால்ட் நீலம் துளி, பச்சை அம்பர் (பச்சை நிறம் அல்ல, எரிக்காத அம்பர், ரா அம்பர்) துளி. நிழலுக்கு வெள்ளை 6, பச்சை அம்பர் 1, கோபால்ட் 1. தரைப்பக்கம் பார்த்திருக்கும் மடிப்புகளில் நீலத்தைக் குறைத்து ஆக்கரைக் கூட்டுங்கள், வானம் பார்த்தவற்றில் நேர்மாறாக. கோபால்ட் விலை கூடுதல் என்று அல்ட்ராமரைன் எடுத்தால் அளவைப் பாதியாக்குங்கள், அதன் வீரியம் அதிகம். தந்தக் கறுப்பை இந்த உடைக்குள் விடவே வேண்டாம். வெள்ளையோடு சேர்ந்து அது செத்த நீலமாகும். மேலும் காய நெடுநாள் எடுக்கும். அதைக் கழுத்துத் துணிக்கு மட்டும் வையுங்கள், அங்கேயும் கொஞ்சம் அம்பர் சேர்த்து.

வேலை வரிசை: கேன்வாஸ் முழுக்க இளஞ்சாம்பல் நிறம், அளவுகோலில் 7 அளவுக்கு, நீர்க்கப் பூசிக் காயவிடுங்கள். வெள்ளைத் தளத்தின்மேல் நேராக வெள்ளை உடையை வரைந்தால் எதோடு ஒப்பிட்டு அளப்பது? பிறகு வானமும் கடலும், உருவத்தின் விளிம்பைத் தாண்டிச் சற்று உள்ளே வரைக்கும். அது ஈரமாக இருக்கும்போதே விளிம்புகளைப் போட்டால் தோளும் தொப்பி ஓரமும் காற்றில் நிற்கும். உருவத்தை முடித்துவிட்டுச் சுற்றிப் பின்புலம் நிரப்பினால் கத்தரித்து ஒட்டிய படமாகிவிடும். கடற்கோடு எந்தக் கட்டத்தில் விழுகிறது என்பதை அளந்தே போடுங்கள். அரை அங்குலம் ஏறினாலும் பையன் குள்ளமாகிவிடுவான்.

துணிக்குத் தட்டையான பன்றிமயிர்ப் பிரஷ் 6, 8. மென்மயிர்ப் பிரஷால் நிழலையும் வெளிச்சத்தையும் தடவித் தடவிக் குழைத்தால் கஞ்சி போட்ட துணியின் விறைப்பு போய்விடும். வின்டர்ஹால்ட்டர் இளமையில் பொறிப்பு வேலையும் கல்லச்சும் பழகியவர், கோட்டில் அவருக்கு ஐயமே கிடையாது. முன்வரைவுகள் அதிகம் செய்யாமல் நேரே கேன்வாஸில் வேகமாக வேலை செய்வார். மடிப்புகள் அப்படி உறுதியாக விழுந்திருப்பது அதனால்தான். கையை நுழைத்த பை அருகே பாருங்கள்: மடிப்புகள் எல்லாம் மணிக்கட்டு மறையும் இடத்திலிருந்து விசிறி போலப் பிரிகின்றன. அந்த ஒரு இடம் சரியாக வந்தால் உள்ளே கை இருப்பதை யாரும் நம்புவார்கள்.

---

பழந்துணி:

உடையைப் பற்றி மட்டும் கொஞ்சம், நகல் எடுக்கும்போது உதவும்.

இது ஓவியர் கற்பனையாக மாட்டிவிட்ட வேஷம் இல்லை, நிஜமாகத் தைத்த உடை. விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் என்ற அரச குடும்பத்துக் கப்பலில், மாலுமிகளுக்குத் துணி தைக்கும் ஆள் தைத்தது. 1846 செப்டம்பர் 2 அன்று சேனல் தீவுகள் பக்கம் போன பயணத்தில் பையன் அதைப் போட்டுக்கொண்டு மேல்தளத்துக்கு வந்தபோது கூடியிருந்த அதிகாரிகளும் மாலுமிகளும் ஆரவாரம் செய்ததை அவன் தாய் விக்டோரியா அரசி தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அவன் பிறந்தது 1841 நவம்பர் 9, ஆக ஐந்து வயது நிறையவில்லை. அந்த உடை இன்றும் கிரீனிச்சில் உள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது. அதன் புகைப்படத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரையுங்கள். ஓவியத்தில் தெளிவில்லாத தையல், கால்சட்டையின் அடிவிரிவு எல்லாம் அதில் தெரியும்.

காலரில் எத்தனை வெள்ளைக் கோடு என்று ஞாபகத்திலிருந்து போடாதீர்கள். மூன்று கோடு என்பது பிரிட்டிஷ் கடற்படைச் சாதாரண மாலுமிகளுக்கு 1857ல் சீருடை வகுத்தபோது உறுதியானது. அதற்கு முன்னால் அந்தந்தக் கப்பலின் வழக்கம்தான். 11 வருஷம் முந்தைய படம் இது. பெரிதாக்கிப் பார்த்து, இருப்பதை மட்டும் போடுங்கள். கறுப்புக் கழுத்துத் துணி பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனுக்கான துக்கச் சின்னம் என்பதும் கட்டுக்கதை, அவர் 1805ல் இறப்பதற்கு முன்பே மாலுமிகள் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

துணி நல்ல கெட்டியான வெள்ளைத் துணி. பட்டு மாதிரி வழிந்து விழாது. முட்டியிலும் முழங்கையிலும் ஒடிந்து நிற்கும். மடிப்பின் ஒரு கரை கூர்மையாகவும் மறுகரை மெதுவாகக் கரைவதாகவும் இருக்கும். இரண்டு கரையையும் கூர்மையாக்கினால் தகரம் ஆகிவிடும்.

அந்தக் காலத்து அரச குடும்பப் படங்களில் இந்த வயதுப் பிள்ளைகள் கவுனிலோ வெல்வெட்டிலோ சரிகையிலோதான் அதிகம். ஒரு சாதாரண மாலுமியின் வேலை உடையில் பட்டத்து இளவரசனை நிறுத்தியது அவ்வளவு எளிதாகச் செய்த காரியமில்லை. பின்னால் 1870கள் வாக்கில் ஐரோப்பா முழுக்கப் பிள்ளைகளுக்கு இதுவே உடையாகிவிட்டது.

---

நெய்தல்_தூரிகை:

மூவருக்கும் மிக்க நன்றி. சட்டம் 18×26ல் அடித்தாயிற்று. கோடும் சாம்பல் தளமும் முடிந்து வானமும் முதல் பூச்சும் போட்டிருக்கிறேன். இரண்டு சந்தேகம்.

ஒன்று, முகம். எவ்வளவு அளந்து போட்டாலும் பதினைந்து வயதுப் பையன் முகம் வருகிறது. இரண்டாவது, அம்பர் கலந்த இடங்கள் காய்ந்ததும் பொலிவு இழந்து திட்டுத் திட்டாக மங்கிவிட்டன. ஈரமாக இருந்தபோது சரியாக இருந்த நிறம் இப்போது வேறாகத் தெரிகிறது. அடுத்த அடுக்கை எதை வைத்து ஒப்பிடுவது?

---

வெண்மை_விசாரணை:

முகத்தைப் பொறுத்தவரை, பெரும்பாலும் தொப்பிதான் ஏமாற்றும். தொப்பியின் உச்சியை உச்சந்தலை என்று கணக்குப் போட்டால் மண்டை சிறுத்துவிடும், முகம் நீண்டுவிடும். தொப்பிக்குள் மண்டை எங்கே முடிகிறது என்று முதலில் ஒரு வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். ஐந்து வயதுப் பிள்ளையின் மொத்த உயரம் ஏறக்குறைய ஐந்தரைத் தலை, வளர்ந்தவருக்கு ஏழரை. மண்டையின் உச்சியிலிருந்து மோவாய் வரை சரி பாதியில் வளர்ந்தவருக்குக் கண் வரும். இந்த வயதில் அந்தப் பாதிக்கோட்டில் புருவம்தான் வரும், கண் அதற்குக் கீழே. கண்ணைக் கால் அங்குலம் இறக்கிப் பாருங்கள், வயது குறைவது கண்கூடாகத் தெரியும்.

கருவிழி பிறகு அவ்வளவாக வளர்வதில்லை, முகம்தான் வளர்கிறது. எனவே பிள்ளைக்குக் கருவிழி பெரிதாகவும் வெள்ளை விழி குறைவாகவும் தெரியும். மூக்கு குட்டை. மூக்குத் தண்டுக்கு ஓரக்கோடு போடவே கூடாது, நுனியில் ஒரு சின்ன வெளிச்சம் போதும். நாசித் துளைகளைக் கறுப்பால் குத்தாதீர்கள், மேடர் சிவப்பும் அம்பரும் கலந்த இதமான பழுப்பு போதும். உதட்டு மூலைகளை ஈரத்தோடு கரைத்துவிடுங்கள். முகத்தில் கூர்மையான விளிம்பு கண் இமையில் ஒன்று, தொப்பி ஓரம் நெற்றியைத் தொடுமிடத்தில் ஒன்று, அவ்வளவுதான்.

தோலுக்கு வெள்ளை, மஞ்சள் ஆக்கர், வெர்மிலியனுக்குப் பதில் கேட்மியம் ரெட் லைட். இதில் கன்னத்துக்கு மேடர். தொப்பியின் நிழலில் இருக்கும் நெற்றி குளிர்ந்த சாம்பல் கலந்த தோல், ஆனால் மோவாய்க்கு அடியில் வெள்ளைச் சட்டையிலிருந்து வெளிச்சம் திரும்பி வரும். அங்கே நிழலை இருட்டாக்கினால் தாடை எழும்பிப் பெரியவர் முகம் வந்துவிடும். உங்கள் பதினைந்து வயதுக்குப் பாதிக் காரணம் அதுவாகவே இருக்கலாம்.

---

கித்தான்காரன்:

மங்கினது எண்ணெய் உள்ள இறங்கினதால. புது கெஸ்ஸோ எண்ணெயை உறிஞ்சும், டர்பன்டைன் அதிகமானா இன்னும் உறிஞ்சும். அம்பர் சீக்கிரம் காயும், அதனால முதல்ல அதுதான் தெரியும். நிறம் கெடலை, மேல பளபளப்புதான் போயிருக்கு. நல்லாக் காய்ந்ததை உறுதி பண்ணிட்டு, லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் 1 பங்கு டர்பன்டைன் 1 பங்கு கலந்து, மங்கின இடத்துல விரலால ரொம்ப லேசாத் தேய்ங்க. ரெண்டு நிமிஷம் விட்டு, நூல் உதிராத பருத்தித் துணியால ஒத்தி முழுசா எடுத்துடுங்க. நிறம் பழையபடி தெரியும், அது மேலயே அன்னைக்கு வேலை பண்ணலாம். எண்ணெயைத் துடைக்காம விட்டா அந்தத் திட்டு மஞ்சளடிக்கும், வெள்ளை உடையில அது பளிச்சுனு தெரியும்.

இனிமே அடுக்குக்கு அடுக்கு எண்ணெய் கூடணும். ரெண்டாவது அடுக்குக்கு டர்பன்டைன் 2, எண்ணெய் 1. கடைசிக்குச் சரிக்குச் சரி. மாத்திப் பண்ணினா மேல் அடுக்கு முதல்ல காய்ந்து, கீழ இருக்கிறது பிறகு சுருங்கும்போது வெடிக்கும்.

---

ஈரக்காற்று:

கடற்கரை ஊர் என்பதால் ஒரு யோசனை. எண்ணெய்க்குப் பதில் லிக்வின் போன்ற ஆல்கைட் மீடியம் (நிறத்தைச் சீக்கிரம் காயவைக்கும் பிசின் கலவை) சேர்த்தால் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்துவிடும். மழைக்காலத்தில் வெறும் லின்சீட் ஒரு வாரம்கூட இழுக்கும், அதற்குள் தூசியும் பூச்சியும் வெள்ளையில் உட்கார்ந்துவிடும். ஆனால் தொடங்கினால் எல்லா அடுக்கிலும் அதையே போடுங்கள். நன்றாகக் காயாத வெறும் எண்ணெய் அடுக்கின்மேல் ஆல்கைட் போட்டால் மேலே இருப்பது முந்திக்கொண்டு காய்ந்து, கித்தான்காரன் சொன்ன அதே வெடிப்பு வரும். வேலை செய்யும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும்.

காயும் படத்தை இருட்டறையில் சுவரோடு சாய்த்து வைக்காதீர்கள். லின்சீட் கலந்த வெள்ளை இருட்டில் மஞ்சளாகும். வெளிச்சமுள்ள அறையில், நேர் வெயில் படாமல், பின்பக்கம் காற்றோடும்படி நிறுத்துங்கள். அப்படியும் லேசாக மஞ்சளடித்தால் சில நாள் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்தாலே பெரும்பாலும் தெளிந்துவிடும். பின்பக்கத் துணியில் பூஞ்சை புள்ளி தெரிந்தால் ஈரத்துணியால் துடைக்கக் கூடாது, காயவைத்து மென்மையான பிரஷால் வெளியில் வைத்துத் தட்டுங்கள்.

வார்னிஷ் ஆறு மாதத்துக்கு முன்னால் வேண்டாம். வெள்ளையைத் தடிமனாக வைத்த இடம் இருந்தால் ஒரு வருடம். பஞ்சில் கொஞ்சம் டர்பன்டைன் தொட்டு ஓரத்தில் லேசாக ஒற்றிப் பாருங்கள், பஞ்சில் நிறம் ஏறினால் இன்னும் காயவில்லை.

---

பழந்துணி:

முடித்த பிறகு செய்ய வேண்டிய ஒன்று விட்டுப்போயிற்று. கேன்வாஸின் பின்புறச் சட்டத்தில், ‘வின்டர்ஹால்ட்டர் 1846 அசலைப் பார்த்து எடுத்த நகல்’ என்று உங்கள் பெயரும் ஆண்டும் சேர்த்து அழியாத மையில் எழுதிவிடுங்கள். அசலில் உள்ள ஓவியர் கையெழுத்தை முன்பக்கத்தில் நகலெடுக்காதீர்கள். பாரிஸ் லூவ்ரில் நகல் எடுக்க அனுமதி கொடுக்கும்போதே அளவு அசலைவிட ஐந்தில் ஒரு பங்காவது கூடவோ குறையவோ இருக்க வேண்டும், கையெழுத்து கூடாது என்று நிபந்தனை வைக்கிறார்கள். உங்களுடையது 52 சதவீதம் என்பதால் அளவு பற்றிக் கவலை இல்லை. ஓவியர் 1873லேயே மறைந்துவிட்டதால் ஓவியத்துக்குக் காப்புரிமைச் சிக்கல் கிடையாது. ஆனால் ராயல் கலெக்‌ஷன் தளத்திலிருந்து எடுத்த புகைப்படக் கோப்பை அப்படியே அச்சிட்டு விற்பது வேறு விஷயம், அதற்கு அவர்கள் விதிகளைப் பாருங்கள்.

அடுத்து ஏதாவது செய்ய எண்ணம் இருந்தால், இதே ஓவியர் 1852ல் வரைந்த குடகு இளவரசி கௌரம்மா படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1834ல் அரசிழந்த சிக்க வீரராஜேந்திரரின் மகள், 1841ல் பிறந்த சிறுமி. விக்டோரியா அரசி ஞானத்தாயாக நிற்க ஞானஸ்நானம் பெற்றவர். நம் பக்கத்துத் தோல் நிறத்தை வின்டர்ஹால்ட்டர் எப்படிக் கையாண்டார் என்பதை இந்த மாலுமிப் பையனின் முகத்தோடு வைத்துப் பார்க்க அதைவிட நல்ல இணை கிடைக்காது. அங்கே நிழலுக்குப் பச்சை அம்பருக்குப் பதில் எரித்த சியன்னாவிலிருந்து தொடங்குங்கள்.